ஒண்ணுமில்ல

1

ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் அதிகம் உச்சரித்த சொல் எது என்று யோசித்தால், எனக்கு எந்த மருந்தின் பெயரும் நினைவுக்கு வருவதில்லை. "ஒண்ணுமில்ல" என்பதுதான் வருகிறது. "ஒண்ணுமில்லம்மா, சாதா கட்டிதான்." கேட்ட நொடியில் நம் தோள்கள் இறங்குகின்றன. டோக்கன் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

ஆனால் அந்தச் சொல் என்ன சொல்கிறது? ஒன்றும் இல்லை என்றால், விரலுக்குத் தட்டுப்படுகிறதே, அது என்ன? ஸ்கேன் ரிப்போர்ட்டில் 7 மில்லிமீட்டர் என்று அளவுகூடப் போட்டிருக்கிறார்களே. இருக்கும் ஒன்றைப் பார்த்து இல்லை என்று ஒருவர் சொல்கிறார். நாம் அதைப் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம்.

இந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பேசுவதற்கு ஒரு சின்ன உடல் விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். காது மடலுக்குக் கீழே, கன்னத்தின் பின்பக்கத்தில் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஒரு நிணநீர்க் கணு வீங்குவது. பெரும்பாலும் தீங்கில்லாதது. இதைக் கதையாக எழுத முடியாது, இதற்காக யாரும் நிதி திரட்ட மாட்டார்கள். நோயும் அறமும் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நாம் புற்றுநோய் வார்டுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் போய்விடுகிறோம். அங்கே கேள்விகள் உரக்கக் கேட்கும். ஆனால் நம்மில் பெரும்பாலானோர் மருத்துவத்தோடு மோதுவது இந்த மாதிரி மொச்சைக்கொட்டை அளவு விஷயங்களில்தான். ஷேவ் பண்ணும்போது, கம்மல் மாட்டும்போது, ஹெல்மெட் பட்டையை இறுக்கும்போது விரல் அதில் இடறுகிறது. அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது.

2

அந்த இடத்தில் இருப்பது பரோட்டிட் சுரப்பி. கிரேக்கத்தில் 'காதருகே இருப்பது' என்று பொருள். பொன்னுக்கு வீங்கி வந்தால் கன்னம் உப்பிக்கொள்ளுமே, அப்போது வீங்குவது இந்தச் சுரப்பிதான். உமிழ்நீரை வாய்க்குக் கொண்டுவரும் இதன் குழாயை நீல்ஸ் ஸ்டென்சன் 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்க்கும்போது கண்டுபிடித்தார். அப்போது அவர் இருபத்திரண்டு வயது மாணவர்.

நமக்கு மூன்று இணை பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு. அவற்றில் நிணநீர்க் கணுக்களைத் தனக்குள்ளேயே வைத்திருப்பது பரோட்டிட் மட்டும்தான். காரணம் கருவிலேயே நடந்துவிடுகிறது. கருவில் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் முதலில் உருவாகத் தொடங்குவது பரோட்டிட். ஆனால் தன்னைச் சுற்றி உறை போட்டு மூடிக்கொள்வதில் அதுதான் கடைசி. மற்ற சுரப்பிகள் முன்கூட்டியே கதவைச் சாத்திவிட்டன. இது சாத்துவதற்குள் பக்கத்தில் நிணநீர் மண்டலம் வளர்ந்துவிட்டது. வளர்ந்த கணுக்களில் சில உள்ளேயே தங்கிவிட்டன. சிலருக்கு இரண்டு மூன்று, சிலருக்கு இருபதுகூட இருக்கும். ஆகவே ஸ்கேனில் சுரப்பிக்குள் ஒரு கணு தெரிந்தால், அது வெளியிலிருந்து வந்து ஒளிந்துகொண்ட அந்நியன் இல்லை. பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே குடியிருப்பது.

அதன் வேலை என்ன? உச்சந்தலை, நெற்றி, கண்ணிமை, காது, கன்னம் இந்தப் பகுதிகளிலிருந்து வரும் நிணநீரை வடிகட்டுவது. தலையில் பொடுகுப் புண், பேன் கடித்துச் சொறிந்த காயம், மெட்ராஸ் ஐ, கிருதாப் பக்கம் பழுத்த பரு, புதிதாகக் குத்திய காதில் சீழ், இவற்றில் எது வந்தாலும் கிருமிகளும் அவற்றின் துணுக்குகளும் இந்தக் கணுக்களுக்கு வந்துசேர்கின்றன. கணுவுக்குள் வெள்ளையணுக்கள் பெருகுகின்றன. கணு வீங்குகிறது. ரிப்போர்ட்டில் 'ரியாக்டிவ்' என்று எழுதுவது இதைத்தான். அதாவது அந்த வீக்கம் ஒரு பதில். உடம்பு வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

இதற்குத் தமிழில் பழைய பெயர் உண்டு: நெறி கட்டுவது. காலில் முள் குத்திப் பழுத்தால் தொடையிடுக்கில் ஒரு கட்டி வரும். பாட்டி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெறி கட்டியிருக்கு. கால்ல என்ன புண்ணு, காட்டு" என்பாள். அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். கட்டியைத் தொட்டவள் கட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. காலைப் பற்றிக் கேட்கிறாள். வீக்கம் ஒரு செய்தி என்றும், செய்தி எங்கிருந்தோ வந்திருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியும். முள்ளை எடுத்து மஞ்சள் பற்றுப் போட்டால் நெறி தானே இறங்கும்.

இன்றைய ஸ்கேன் பாட்டியைவிடப் பல மடங்கு கூர்மையாகப் பார்க்கிறது. ஆனால் அதைக் கன்னத்தில் வைத்தால் கன்னத்தைத்தான் பார்க்கும். உச்சந்தலையில் இருக்கும் புண் அதற்குத் தெரியாது. போன வாரம் கண் சிவந்திருந்ததும் தெரியாது. அதைக் கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

3

இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்தினால், பாட்டி வைத்தியம் வாழ்க என்று முடிந்துவிடும். அது நேர்மையாகாது.

ஏனென்றால் அதே பாட்டிகளின் காலத்தில்தான் கண்டமாலை என்றொரு சொல்லும் இருந்தது. கழுத்தைச் சுற்றி மாலை கோத்தது போலக் கட்டிகள். அழகான பெயர், உள்ளே காசநோய். நுரையீரலுக்கு வெளியே காசநோய் அதிகம் தாக்கும் இடம் நம் நாட்டில் இன்றும் நிணநீர்க் கணுக்கள்தான். ஆரம்பத்தில் அந்தக் கட்டியும் வலிக்காது. அதையும் பார்த்து யாரோ ஒருவர் "ஒண்ணுமில்ல, தானா கரைஞ்சிடும்" என்று சொல்லியிருப்பார். கரையவில்லை. உடைந்து புண்ணாகி, தழும்பாகி, சிலரைக் கொண்டும் போனது. நிணநீர்ப் புற்றுநோயும் சில சமயம் இப்படி வலியில்லாத ஒரு கட்டியாகத்தான் தலைகாட்டும்.

மனிதர்கள் எங்கேயும் இந்தப் பயத்துக்கு ஏதோ ஒன்றைக் கழுத்தில் கட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்குத் தங்கச் சங்கிலி போடுவார்கள். இங்கிலாந்தில் கண்டமாலைக்கு அரசரோ அரசியோ கையால் தொட்டால் சரியாகும் என்று நம்பினார்கள். தொட்டபின் ஒரு தங்க நாணயத்தை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். பின்னாளில் ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனை 1712இல், இரண்டரை வயதுக் குழந்தையாக, ஆன் அரசியிடம் இதற்காகக் கூட்டிப்போனார்கள். நோய் போகவில்லை. கழுத்தில் தழும்புகளோடுதான் வாழ்ந்தார். பொன்னுக்கு வீங்கிக்குச் சங்கிலி பலித்ததற்கும் கண்டமாலைக்கு நாணயம் பலிக்காததற்கும் தங்கத்தின் தரம் காரணமில்லை. முதலாவது தானே சரியாகிற நோய், இரண்டாவது அப்படி இல்லை. ஆறுதல் இரண்டுக்கும் ஒன்றாகத்தான் கிடைத்தது.

ஆக, "ஒண்ணுமில்ல" என்ற சொல்லில் இரண்டு வகை இருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்வது ஒன்று, பார்க்காமல் இருப்பதற்காகச் சொல்வது இன்னொன்று. காதில் ஒரேபோலத்தான் ஒலிக்கும். இரண்டாவது வகை நம் வீடுகளில் யாருக்கு அதிகம் கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணமாகாத பெண் உடம்பில் எங்காவது கட்டி என்று சொன்னால், "வெளிய சொல்லாத, ஒண்ணுமில்ல" என்பார்கள். சதா அசதியாக இருக்கிறது என்று ஒரு அம்மா சொன்னால், "ஒண்ணுமில்ல, டென்ஷன்." அங்கே அந்தச் சொல் ஆறுதல் தருவதற்காகச் சொல்லப்படவில்லை, பேச்சை மூடுவதற்காகச் சொல்லப்படுகிறது. இன்றைய இளைஞர்கள் மருத்துவரின் வாய்ச்சொல்லைவிட ரிப்போர்ட்டை நம்புவதற்குப் பின்னால் இந்த நீண்ட வரலாறும் இருக்கிறது. அதைக் கூகுள் வியாதி என்று கேலி செய்வது எனக்கு உடன்பாடில்லை.

4

சரி, பார்த்தே சொல்லட்டும். முழுசாகப் பார்த்து, சந்தேகமே இல்லாமல் சொல்லட்டும். அதில் என்ன சிக்கல்?

முழுசாகப் பார்ப்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதுதான் சிக்கல். அந்த விலை பணம் மட்டுமில்லை.

அல்ட்ராசவுண்டில் பார்ப்பவர் சில அடையாளங்களைத் தேடுகிறார். கணு அவரை விதை போல நீள்வட்டமாக இருக்கிறதா? குறுக்களவு 5, 6 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா? ரத்தக்குழாய்கள் உள்ளே நுழையும் நடுப்பகுதி வெளிர்நிறத்தில் தெளிவாகத் தெரிகிறதா? இதெல்லாம் இருந்தால் தீங்கில்லாதது என்று சொல்ல நல்ல காரணம் இருக்கிறது. கணு உருண்டு திரண்டு, நடுப்பகுதி மறைந்து, வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே போனால் யோசிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தடயம். தடயங்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் முடிவும் அந்தப் பக்கம் சாயும். ஆனால் சாய்வது வேறு, தீர்ப்பு வேறு. இன்னும் உறுதி வேண்டுமென்றால் மெல்லிய ஊசி விட்டுச் சில செல்களை எடுக்கலாம். அதுவும் ஊசி பட்ட இடத்தின் கதையைத்தான் சொல்லும். ஒரு துளி சந்தேகம்கூட மிஞ்சக்கூடாது என்றால் அறுத்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

அறுக்க வேண்டிய இடம் எது? முகத்தை அசைக்கும் நரம்பு பரோட்டிட்டுக்கு உள்ளேதான் நுழைந்து, அங்கேயே கிளைகளாகப் பிரிகிறது. நெற்றி சுருக்குவது, கண் மூடுவது, மூக்கை விடைப்பது, சிரிப்பது, உதட்டைக் கீழே இறக்குவது எல்லாம் அந்தக் கிளைகளின் வேலை. அறுவை மருத்துவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அந்தக் கிளைகளுக்கு நடுவே புகுந்துதான் வெளியே வரவேண்டும். பலருக்கு முகம் சில வாரங்களோ மாதங்களோ ஒரு பக்கம் சோர்ந்து, பிறகு சரியாகிறது. சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. காது மடல் மரத்துப்போய், கம்மல் கழன்று விழுந்தாலும் தெரியாமல் போகலாம். இன்னொரு விசித்திரமும் உண்டு. உமிழ்நீர் சுரக்கச் சொல்லும் நரம்பிழைகள் அறுபட்டு, மறுபடி வளரும்போது வழிதவறித் தோலின் வியர்வைச் சுரப்பிகளில் போய்ச் சேர்ந்துவிடும். அதன்பிறகு சாப்பிட உட்கார்ந்தால் கன்னம் வியர்க்கும். லூட்சியா ஃப்ரே என்ற போலந்து நரம்பியல் மருத்துவர், தாடையருகே குண்டடிபட்ட ஒருவரிடம் இதைக் கவனித்து 1923இல் விரிவாக எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள்.

பெரிய கட்டி என்றாலோ, தடயங்கள் மோசமான பக்கம் சாய்ந்தாலோ, இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும், தயங்கக்கூடாது. ஆனால் பொடுகுப் புண்ணுக்கு நெறி கட்டிய ஒரு கணுவை 'எதுக்கும் பார்த்துடுவோம்' என்று அறுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு, அதைக் கொண்டாட ஒரு பக்கமாகச் சிரிப்பது என்ன கணக்கு? பயத்தைக் கொடுத்துவிட்டுச் சிரிப்பை வாங்கிக்கொள்ளும் வியாபாரம் அது.

5

இது தனிமனிதர் ஒருவரின் பதற்றம் மட்டுமில்லை. ஒரு சமூகமே மிச்ச சந்தேகம் எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. சுரப்பி வேறு, கேள்வி ஒன்றுதான்.

தென்கொரியா 1999இல் நாடு தழுவிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மற்றவற்றுக்காக வந்தவர்களிடம், கொஞ்சம் கூடுதல் கட்டணம் கட்டினால் கழுத்திலும் ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடலாம் என்றார்கள். வலியில்லை, ஊசியில்லை, பத்து நிமிடம். யார் வேண்டாம் என்பார்கள்? 2011இல் அந்த நாட்டில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்காகியிருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் 40,000க்கும் மேற்பட்டவர்கள். ஆனால் தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. முன்பு எவ்வளவோ அவ்வளவேதான். அதாவது கண்டுபிடிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை, யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த மனிதர்களோடு கிழவர்களாகி, வேறு ஏதோ காரணத்தால் அவர்கள் இறக்கும்போது கூடவே போயிருக்கும். ஏறக்குறைய எல்லோருக்கும் சிகிச்சை நடந்தது. பெரும்பாலோருக்குச் சுரப்பியையே எடுத்தார்கள். வாழ்நாள் முழுக்க மாத்திரை. சிலருக்குக் குரல் போனது. 2014இல் கொரிய மருத்துவர்கள் சிலர் ஒன்றுகூடி, அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். ஒரே ஆண்டில் அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன.

இதில் வில்லன் யாரும் இல்லை. இயந்திரம் உண்மையைத்தான் சொன்னது. மருத்துவர்கள் கண்டதைத்தான் எழுதினார்கள். மக்கள் கவலைப்பட்டதும் இயல்புதான். எல்லோரும் உண்மையாக இருந்தும் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தேவையில்லாத தீங்கு நடந்தது. உண்மையைச் சொன்னால் மட்டும் போதுமா என்ற பழைய கேள்விக்கு இதைவிடக் கறாரான சோதனை கிடைக்காது.

6

அந்தப் பழைய கேள்விக்கு இரண்டு முனைகள் உண்டு. 1797இல் எழுதிய கட்டுரையில் இமானுவேல் காண்ட், நண்பனைத் தேடி வாசலுக்கு வந்திருக்கும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்கிறார். விளைவு என்னவானாலும் சரி, உண்மை ஒரு கடமை. வள்ளுவர் வேறு இடத்தில் நிற்கிறார். வாய்மை என்றால் என்ன என்று கேட்டு, பிறருக்குத் தீமை விளைவிக்காத பேச்சு என்று வரையறுக்கிறார். கட்டியைப் பற்றிப் பேசும்போது நாம் 'தீங்கற்ற' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். வள்ளுவர் அதைச் சொல்லுக்கே அளவுகோலாக்குகிறார். கட்டி தீங்கற்றதா என்று ரிப்போர்ட் சொல்லும். ரிப்போர்ட் தீங்கற்றதா என்று யார் சொல்வது?

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பரோட்டிட்டுக்குள் நீள்வட்டமான சில கணுக்கள், ரியாக்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் கிளினிகல் கோரிலேஷன் தேவை என்று முடித்திருப்பார்கள். மருத்துவர் உங்களை நேரில் பார்த்து இதோடு பொருத்திப் பார்க்கட்டும் என்று அர்த்தம். சரியான வரிதான். தலையில் இருக்கும் புண்ணைப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும் என்று முன்பு சொன்னேனே, அதையேதான் இந்த வரியும் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? அந்த ரிப்போர்ட் முதலில் நம் கைக்கு, இப்போதெல்லாம் நம் வாட்ஸாப்புக்கு, வந்துவிடுகிறது. மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள். அந்த இரண்டு இரவுகள் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பார்க்கிறோம். மருத்துவருக்கும் இதே வரி வேறு விதமாக ஒலிக்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. நோயாளிகளுக்குத் தேவையான பாதுகாப்பு அது, சந்தேகமில்லை. அதன் நிழலாக ஓர் எச்சரிக்கை உணர்வும் வந்துசேர்ந்தது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? "எதுக்கும் ஒரு எம்ஆர்ஐ எடுத்துடுங்க." எம்ஆர்ஐ எழுதுபவரும் எதற்கும் ஒரு வரி சேர்த்து முடிக்கிறார்.

இப்படி ஒரு மிச்சம் கைமாறிக்கொண்டே போகிறது. எவ்வளவு சோதித்தாலும் தீராத அந்தக் கடைசித் துளி சந்தேகம். ஸ்கேன் எடுத்தவர் அதை மருத்துவரிடம் தள்ளுகிறார், மருத்துவர் அடுத்த சோதனையிடம் தள்ளுகிறார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த உண்மையை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் அது மருத்துவம் எதுவும் படிக்காத, இரவில் தனியாக விழித்திருக்கும் அந்த ஆளின் மடியில் வந்து விழுகிறது.

என்னைப் பொறுத்தவரை இதுதான் இந்தச் சின்னக் கட்டிக்குள் இருக்கும் அறக் கேள்வி. சொல்வதா மறைப்பதா என்பதல்ல, மிச்சத்தை யார் சுமப்பது என்பது.

7

ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் வல்லுநரின் பெயர் பரோட்டிட்டைப் படிக்கும் எவரும் அறிந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1929இல் அவர் விவரித்த ஒரு கட்டி இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. புகைபிடிப்பவர்களிடம் அதிகம் காணப்படும் அது, ஏறக்குறைய எப்போதும் தீங்கில்லாதது. அது எப்படி வருகிறது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று நாம் ஏற்கெனவே பார்த்த கருவின் கதைதான், தலைகீழாக. சுரப்பிக்குள் கணுக்கள் மாட்டிக்கொண்டது போலவே, கணுக்களுக்குள்ளும் சுரப்பியின் சில துணுக்குகள் மாட்டிக்கொண்டன. அவை பின்னாளில் வளர்கின்றன.

இதே வார்த்தினுக்கு இன்னொரு கதை உண்டு. 1895இல் ஒரு தையல்காரப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்டார். என் குடும்பத்தில் எல்லோரும் வயிற்றிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்துதான் சாகிறார்கள், நானும் சீக்கிரம் அப்படித்தான் சாவேன் என்றார் அந்தப் பெண். அப்போது அவர் உடம்பில் நோய் எதுவும் தெரியவில்லை. "ஒண்ணுமில்ல, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லி அனுப்ப எல்லா நியாயமும் இருந்தது. வார்த்தின் அப்படிச் செய்யவில்லை. அந்தக் குடும்பத்தின் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சேகரித்தார். 1913இல் அதை வெளியிட்டார். அந்தப் பெண் தான் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். பரம்பரையாக வரும் அந்தப் புற்றுநோய்க்கு இன்று லிஞ்ச் நோய்க்கூட்டு என்று பெயர். அதன் வரலாறு அந்த உரையாடலிலிருந்துதான் தொடங்குகிறது.

கையால் தொட முடிந்த ஒரு கட்டியைப் பார்த்து 'இது தீங்கில்லாதது' என்று எழுதியவரும், கட்டி எதுவுமே இல்லாத ஒரு பெண்ணைப் பார்த்து 'இதில் ஏதோ இருக்கிறது' என்று உணர்ந்தவரும் ஒரே ஆள். இரண்டு முடிவுகளும் எதிரெதிர். ஆனால் இரண்டிலும் அவர் செய்த காரியம் ஒன்றுதான்: விடாமல் பார்த்தார். இரண்டாவதில், அந்தப் பெண் சொன்னதைத் தகவலாக மட்டும் குறித்துக்கொள்ளவில்லை, அந்தப் பயத்தில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதாக எடுத்துக்கொண்டார். அவரைக் காப்பாற்ற முடியவில்லைதான். ஆனால் அந்தப் பெண்ணின் பயம் அவரோடு மட்டும் நின்றுவிடவில்லை.

8

நல்ல "ஒண்ணுமில்ல" எப்படி இருக்கும்? அது ஒரு சொல்லாக இருக்காது, நாலைந்து வாக்கியமாக இருக்கும் என்று தோன்றுகிறது. "இது நெறி கட்டினதுதான். தலையில புண்ணு இருக்குல்ல, அதுக்குத்தான் வந்திருக்கு. புண்ணுக்கு மருந்து தர்றேன். கட்டியை சும்மா சும்மா அமுக்கிப் பார்க்காதீங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்க, நானே தொட்டுப் பார்க்கிறேன். நடுவுல பெருசாயிட்டே போனா, கல்லு மாதிரி ஆனா, முகம் ஒரு பக்கம் இழுத்தா, ராத்திரி வேர்த்துக் காய்ச்சல் வந்தா, எடை குறைஞ்சா, ஆறு வாரம் காத்திருக்காதீங்க." இதில் பொய் எதுவும் இல்லை. காண்ட் குறை சொல்ல மாட்டார். தேவையில்லாத தீமையும் இல்லை. வள்ளுவரும் ஒப்புக்கொள்வார். மிச்சம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதற்கு இப்போது ஒரு தேதி இருக்கிறது, சேர்ந்து சுமக்க ஒரு ஆள் இருக்கிறார்.

அந்த மருத்துவர் தவறிப்போகலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு அந்தக் கணு வேறு எதுவாகவோ இருக்கலாம். ஒரே மாதிரி கவனத்தோடு ஒரே மாதிரி முடிவெடுத்த இரண்டு பேரில் ஒருவருக்கு நல்லபடி முடிந்து, இன்னொருவருக்கு மோசமாக முடிந்தால், இரண்டாமவரை மட்டும் நாம் குற்றவாளி என்கிறோம். பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் இதை அறத்தில் அதிர்ஷ்டம் என்ற பெயரில் விவாதித்தார்கள். கவனமாகப் பார்த்து, தேதி சொல்லி, வழி சொல்லி அனுப்பிய ஒருவரை விளைவை மட்டும் வைத்துத் தண்டிக்கும் சமூகத்தில் யாரும் "ஒண்ணுமில்ல" என்று சொல்ல முன்வர மாட்டார்கள். "எதுக்கும் இன்னொரு ஸ்கேன்" என்பதுதான் மிஞ்சும். பார்க்காமலே வாயை அடைக்கச் சொன்னவரையும் பார்த்துச் சொன்னவரையும் பிரித்தறிவது நம் பக்கத்துக் கடமை. அப்படியென்றால் மிச்சத்தில் ஒரு பங்கு நமக்கும் இருக்கிறது. சரியாகச் சொல்லப்பட்ட பின்னும் நூறு சதவீதம் கேட்டு அடுத்த ஊர், அடுத்த ஸ்கேன் என்று அலைவதும் ஒரு வகையில் அந்தப் பங்கை மறுப்பதுதான். உயிரோடு இருக்கிற உடம்பு எப்போதும் எதற்காவது பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அதில் சில பதில்கள் விரலுக்குத் தட்டுப்படும்.

நம்மில் யாரும் யாரையும் "போங்க" என்று சொல்லி அனுப்புவதில்லை. "போயிட்டு வாங்க" என்போம். ஆஸ்பத்திரி மட்டும் விதிவிலக்கு. அங்கிருந்து கிளம்பும்போது "வர்றேன்" என்று சொல்லிவிடக்கூடாது என்று பெரியவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். திரும்பி வரும்படி ஆகிவிடக்கூடாதாம். நியாயமான பயம்தான். ஆனாலும் "ஒண்ணுமில்ல, போங்க" என்று சொல்லும் மருத்துவரைவிட, "ஒண்ணுமில்ல, ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்பவரை நான் நம்புவேன்.